குடிபூரலுக்கு வந்த சம்பந்தி

கஜந்தினிக்கு ஸ்பானிய மொழி தெரியும் என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அவளும் ஓரளவு நம்பினாள். கோப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவள் அவள். பாரிஸில் இருக்கிற அண்ணன் சுதாகரன் நொயேலியா என்ற ஸ்பானியப் பெண்ணைக் கட்டிய பிறகு, அண்ணியின் வீட்டாரோடு அவர்களுடைய மொழியிலேயே கதைக்க வேண்டும் என்று பிடிவாதமாகப் படிக்கத் தொடங்கினாள். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதும் வெங்காயம் உரிக்கும்போதும் கைபேசி சொல்லித்தந்த வசனங்களைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். நாளடைவில் நொயேலியாவின் தகப்பன் பெனிற்றோவோடு மழை, சாப்பாடு, முழங்கால் வலி ஆகியவற்றைப் பற்றித் தடங்கலில்லாமல் கதைக்க முடிந்தது. அதற்கு மேல் போனால் இருவரும் சிரித்துச் சமாளித்தார்கள்.

அதனால்தான் மயிலிட்டியில் கட்டிய புது வீட்டில் பால் காய்ச்சிப் புகும் குடிபூரலுக்குச் சம்பந்தி வீட்டாரை அழைக்கும் பொறுப்பு அவளிடம் வந்தது.

அந்தக் காணி அவளுடைய தாய் குணலட்சுமிக்குச் சீதனமாக வந்தது. தொண்ணூறாம் ஆண்டு சனம் எல்லாம் எழும்பி ஓடியபோது அவர்களும் ஓடினார்கள். பிறகு ஊர் முழுக்க இராணுவத்தின் கையில் இருந்தது. கஜந்தினி கோப்பாயில் ஒரு வாடகை வீட்டில் பிறந்து அங்கேயே வளர்ந்தாள். கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தகப்பன் பஞ்சலிங்கம் கோப்பாய்ச் செம்மண்ணில் குத்தகைக்குத் தோட்டம் எடுத்து வெங்காயம் வைத்தார். ஒருவழியாக இராணுவம் காணியை விட்டுப் போனது. போய்ப் பார்த்தால் வீடு இல்லை. கிணறும், பற்றை மூடிய ஒரு சீமெந்துத் துண்டும் மட்டும் மிஞ்சியிருந்தன. அன்று திரும்பி வந்த பஞ்சலிங்கம் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டுத் தோட்டத்துக்குப் போனவர்தான். அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

சுதாகரன் காசு அனுப்ப, குணலட்சுமி பக்கத்தில் நின்று புது வீட்டைக் கட்டுவித்தாள். பஞ்சலிங்கம் எட்டிப் பார்க்கவில்லை. பிரதேச செயலகத்தில் இருந்து ஒரு உத்தியோகத்தர் வந்து, "ஐயா, எப்ப மீளக் குடியேறப் போறியள்?" என்று கேட்டபோது மட்டும் அவருக்குக் கோபம் வந்தது.

"குடியேறுறது வந்தான் வரத்தான் செய்யிற வேலை, தம்பி. நான் அந்த ஊரில பிறந்தவன். பிறந்த இடத்தில ஒருத்தன் எப்பிடிக் குடியேறுறது?"

உத்தியோகத்தர் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார். நாள் பார்த்து எல்லாம் முடிவான பிறகும் பஞ்சலிங்கம் ஒரே கதையைத்தான் சொன்னார்: "நீங்கள் போய்ப் பாலைக் காய்ச்சுங்கோ. எனக்குத் தோட்டத்தில பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறவேணும்."

கஜந்தினி அழைப்பை எழுத உட்கார்ந்தது அப்படியான ஒரு பின்னேரத்தில்தான். குடிபூரல் என்பதற்கு அவளுக்கு ஒரு கம்பீரமான சொல் வேண்டியிருந்தது. 'வசிப்பது' என்றால் சப்பென்று இருந்தது. அகராதியில் 'குடியேறு' என்று தேடினாள். முதலில் வந்தது கொலோனிதார். அதற்கு எடுத்துக்காட்டாகக் கப்பல்களில் போய் அமெரிக்காவைப் பிடித்தவர்களின் வசனம் இருந்தது. வேண்டாம் என்று ஒதுக்கினாள். போப்லார் என்றால் புல்லும் பூச்சியும் ஓர் இடத்தில் பெருகி நிறைவதற்கும் சொல்வார்களாம். அஸென்தார்ஸே, தண்ணீரின் அடியில் மண்டி படிவதற்கும் பொருந்துமாம். இன்ஸ்தலார்ஸே என்பதைப் பார்த்தால் குளிர்சாதனப் பெட்டியைப் பூட்டுவது போல இருந்தது. கடைசியில் ஒக்குப்பார் என்ற சொல் வந்தது. 'அந்தக் குடும்பம் இரண்டாம் மாடியை ஒக்குப்பார் செய்கிறது' என்று எடுத்துக்காட்டு. இடத்தை நிறைப்பது, பதவியில் அமர்வது, வீட்டில் இருப்பது எல்லாமே அதற்குள் அடங்கின. கஜந்தினிக்கு அது பிடித்துப்போனது.

'நாங்கள் எங்கள் வீட்டை ஒக்குப்பார் செய்யப்போகிறோம். பல வருடங்களாக அது இராணுவத்திடம் இருந்தது. அந்த நாளில் நீங்கள் எங்களோடு நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம்' என்று எழுதிப் பெனிற்றோவின் கைபேசிக்கு அனுப்பினாள்.

பிறகு ஒரு வரி வந்தது: 'நிற்போம்.' அதன் பக்கத்தில் மடக்கி உயர்த்திய கைமுட்டியின் படம். வாழ்த்துச் சொல்லும் ஸ்பானிய முறை இதுவாக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

நொயேலியா நிறைமாதமாக இருந்ததால் அவளும் சுதாகரனும் வர வழியில்லை. பெனிற்றோவும் மனைவி மருஷாவும் மட்டும் சென்னை வழியாகப் பலாலியில் வந்து இறங்கினார்கள். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் ஒரு துறைமுக ஊர் அவர்களுடையது. பெனிற்றோ கப்பல் கட்டும் தளத்தில் இரும்பு ஒட்டும் வேலை செய்து ஓய்ந்தவர். அகன்ற தோள், வெள்ளை மீசை. மருஷா குள்ளமான, சுறுசுறுப்பான பெண். அந்த வெயிலிலும் கணுக்கால் வரை மூடிய தடித்த சப்பாத்துப் போட்டிருந்தாள். குணலட்சுமி அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். கஜந்தினி எல்லோரையும் வாடகைக்குப் பிடித்த வான் வண்டியில் ஏற்றினாள்.

விமான நிலையத்தைத் தாண்டியதும் முள்ளுக்கம்பி வேலியும் சிப்பாய்கள் நின்ற காவலரணும் வந்தன. பெனிற்றோ குனிந்து பார்த்தார்.

"இவர்கள்தானா?" என்று மெல்லக் கேட்டார்.

"ஆம், இவர்கள்தான்."

"அவர்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். பொலிசுக்கும் சொல்லிவிட்டோம். ஒலிபெருக்கி கட்டுவதற்கு அனுமதி எடுக்க வேண்டுமல்லவா?"

பெனிற்றோ மனைவியின் பக்கம் திரும்பினார். "ஒலிபெருக்கியும் கட்டுகிறார்களாம்," என்றார். அவருடைய குரலில் மரியாதை இருந்தது. பிறகு, "எத்தனை பேர் வருவார்கள்?" என்று கேட்டார்.

"ஊரே வரும்."

"எத்தனை மணிக்கு?"

"விடியப்புறம். வெளிச்சம் வரமுன்னம் உள்ளே போய்விட வேண்டும்."

"நல்ல நேரம். முதலில் உள்ளே போவது யார்?"

"பசு மாடு," என்றாள் கஜந்தினி. "கன்றோடு."

பெனிற்றோ தங்கள் ஊர்ப் பேச்சில் மருஷாவிடம், "கெட்டிக்காரர்கள். மாட்டை யாரும் சுடமாட்டார்கள்," என்றார். கஜந்தினிக்கு மாடு என்ற சொல் மட்டும்தான் பிடிபட்டது. சமையலைப் பற்றிக் கதைக்கிறார் என்று எண்ணி, "நாங்கள் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை," என்று பணிவாகச் சொன்னாள்.

கோப்பாய் வீட்டு வாசலில் பஞ்சலிங்கம் சேட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். "வாங்கோ, வாங்கோ" என்று கைகூப்பினார். பெனிற்றோ அந்தக் கைகளை இரண்டு கைகளாலும் பிடித்து, விடாமல், கண்ணுக்குள் பார்த்தார். பஞ்சலிங்கத்துக்கு ஏனென்று விளங்கவில்லை. தேத்தண்ணீர் வந்தது, பயற்றம் பணியாரம் வந்தது. எல்லாம் முடிந்ததும் பெனிற்றோ எழும்பி வாசல் கதவைச் சாத்தினார். தன்னுடைய பெரிய பையைக் கூடத்தின் நடுவில் வைத்துத் திறந்தார்.

ஒரு சுருள் கயிறு. ஒரு சங்கிலியும் பெரிய பூட்டும். ஊதுகுழல்கள். மருஷா தன் பங்குக்குக் காயத்துக்குக் கட்டும் துணிச் சுருள்களையும் களிம்பையும் எடுத்து அடுக்கினாள். கடைசியாக இருவரும் ஒரு சிவப்புத் துணியை ஆளுக்கொரு முனையில் பிடித்து விரித்தார்கள். அதில் வெள்ளை மையால் தமிழில் எழுதியிருந்தது: 'இது பஞ்சலிங்கத்தின் வீடு.' கைபேசித் திரையைப் பார்த்து வரைந்த எழுத்துகள். ஞகரம் நத்தை போல இருந்தது. ஆனால் வாசிக்க முடிந்தது.

"இதை நான் மூன்று தரம் வரைந்தேன்," என்றாள் மருஷா பெருமையாக.

பெனிற்றோ தொண்டையைச் செருமினார். "நான் இளவயதில் கப்பல் தளத்து வாசலில் சங்கிலி கட்டி மறித்தவன். பொலிஸ் தடியால் அடித்தது, நாங்கள் எழும்பவில்லை. எனக்கு இதில் பழக்கம் உண்டு. வீட்டுக்குள் போனதும் முதலில் பின்கதவைப் பூட்ட வேண்டும். என்னை வாசலில் விடுங்கள். வெளிநாட்டுக் கிழவனை அடிக்க அவர்கள் யோசிப்பார்கள்."

கஜந்தினி அந்த வசனங்களை மனதுக்குள் ஒவ்வொன்றாகத் தமிழாக்கினாள். பாதியில் அவளுக்குக் காது சுட்டது.

"பெனிற்றோ," என்றாள் மெதுவாக, "ஒக்குப்பார் என்றால் உங்கள் ஊரில் என்ன?"

"வீட்டை ஒக்குப்பார் செய்வதா? பூட்டை உடைத்து உள்ளே போய் இருந்துகொண்டு, முடிந்தால் எழுப்பிப் பார் என்று சொல்வது. வேறென்ன?"

கஜந்தினி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தினாள்.

"என்னடி? என்ன சொல்லுறார்?" என்று குணலட்சுமி கேட்டாள்.

"அம்மா... நான் சொல்லை மாறிப் போட்டிட்டன். நாங்கள் ஆமியோடை அடிபட்டு வீட்டைப் பிடிக்கப் போறமெண்டு நினைச்சு வந்திருக்கினம்."

"ஐயோ பிள்ளை! நீ என்னத்தை எழுதினனி?"

கஜந்தினி திக்கித் திணறி ஸ்பானியத்தில் விளக்கினாள். இராணுவம் காணியை ஏற்கெனவே விட்டுவிட்டது. வீடு எங்களுடையது, புதிது. நாளைக்குச் செய்யப்போவது பால் காய்ச்சுவது. பால் பொங்கி வழியும். பிறகு எல்லோரும் சாப்பிடுவோம். அவ்வளவுதான்.

முதலில் மருஷாவின் தோள்தான் குலுங்கத் தொடங்கியது. துணியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, கண்ணீர் வர வர, மூச்சு முட்டச் சிரித்தாள். "பாலா? நான் காயத்துக்கு மருந்து கொண்டு வந்திருக்கிறேன்!" அவளைப் பார்த்துக் குணலட்சுமி சிரித்தாள். அவளைப் பார்த்துக் கஜந்தினி.

"அம்மா, நீங்களே சொல்லுங்கோ, நான் என்ன சொல்லைப் போட்டிருக்கவேணும்? குடியேறுறது எண்டதுக்கு இருக்கிற சொல்லெல்லாம் ஆரின்ரையோ இடத்தைப் பறிக்கிற மாதிரித்தான் கிடக்கு."

"நான் எங்கையடி குடியேறுறன்? நான் வீட்டை போறன்," என்றாள் குணலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உதைச் சொல்ல அவேன்ரை பாசையில சொல் இல்லையே?"

இருந்தது. கைபேசி முதல் கிழமையிலேயே சொல்லித்தந்த, சின்னப் பிள்ளைகள் சொல்லுகிற சொற்கள். "வாமோஸ் ஆ காசா," என்றாள் கஜந்தினி. வீட்டுக்குப் போகிறோம். மருஷா சிரிப்பை நிறுத்திக் குணலட்சுமியைப் பார்த்தாள். அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பெனிற்றோ மட்டும் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார். "அப்படியென்றால் இவரை யாரும் மறிக்கவில்லையா?" என்று பஞ்சலிங்கத்தைக் காட்டிக் கேட்டார்.

"அப்பா, உங்களை ஒருத்தரும் மறிக்கேல்லையோ எண்டு கேக்கிறார்."

"இல்லை," என்றார் பஞ்சலிங்கம்.

"பிறகு ஏன் இன்னும் இங்கே இருக்கிறார்?" என்றார் பெனிற்றோ.

கஜந்தினி அதைத் தமிழாக்காமல் தகப்பனைப் பார்த்தாள். அவளுடைய முகத்தைப் பார்த்தே குணலட்சுமிக்கு விளங்கிவிட்டது. "சொல்லு பிள்ளை, நல்லாச் சொல்லு. நானும் உதைத்தான் இவ்வளவு நாளாய்க் கேக்கிறன்."

பஞ்சலிங்கம் விரித்துக் கிடந்த சிவப்புத் துணியைப் பார்த்தார். "காணி அவவின்ரை. என்ரை பேரைப் போட்டிருக்கினம்," என்று முணுமுணுத்தார். பிறகு சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தார்.

பெனிற்றோ அவருக்குப் பின்னால் போனார். கஜந்தினியும் பின்னால் நடந்தாள்.

தோட்டம் வீட்டுக்குப் பின்னால்தான். வேலிக் கரையில் நின்று அவள் பார்த்தாள். இறைப்பு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் சுழித்துக்கொண்டு வர, பஞ்சலிங்கம் ஒவ்வொரு பாத்தியாக மடையைத் திறந்து மூடினார். சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்ற பெனிற்றோ கையை நீட்டினார். பஞ்சலிங்கம் மண்வெட்டியைக் கொடுத்தார். அந்த அகன்ற தோள்களால் பெனிற்றோ ஒரே வெட்டாக வெட்ட, மடையோடு வரம்பும் சேர்ந்து பெயர்ந்தது. தண்ணீர் நாலு பக்கமும் பாய்ந்து வெங்காயத்தை மூடியது. பெனிற்றோ பதறிப்போய்க் காலால் அணைக்கப் பார்த்தார். முழங்கால் வரை சேறு.

பஞ்சலிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "விடுங்கோ, விடுங்கோ! நீங்கள் இருந்தால் எனக்கு ஆமி தேவையில்லை!"

இயந்திரத்தை நிறுத்திவிட்டு இருவரும் வரம்பில் உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததைக் கஜந்தினி தன் வாழ்நாளில் எதிர்பார்க்கவில்லை. அப்பா கதைக்கத் தொடங்கினார். தமிழில், அந்த மனிதருக்கு ஒரு சொல்லும் விளங்காது என்று தெரிந்தே கதைத்தார். ஈர மண்ணில் மண்வெட்டிப் பிடியால் கோடு கீறினார்.

"இது விறாந்தை. இதிலை சாமியறை. சுண்ணாம்பு நானே குழைச்சனான், மச்சான் கல்லுத் தூக்கித் தந்தவன். கலியாணம் முடிச்ச வருசம். இஞ்சை பாருங்கோ, இந்தப் பக்கத்தாலை கடல் தெரியும். படுத்துக்கொண்டே எந்த வள்ளம் வருகுதெண்டு சொல்லுவன். அதைத் தேடித்தான் அண்டைக்குப் போனனான். ஒரு கல்லில்லை. மகன் நல்ல வீடுதான் கட்டியிருக்கிறான், நான் குறை சொல்லேல்லை. ஆனா அது வேறை வீடு."

பெனிற்றோ கோடுகளை உற்றுப் பார்த்தார். கடல் பக்கத்துக் கோட்டில் விரலை வைத்தார். பிறகு தானும் ஒரு குச்சியை எடுத்துப் பக்கத்தில் ஒரு கப்பலை வரைந்தார். அதன் மேல் குறுக்காகக் கோடு போட்டார். பஞ்சலிங்கம் திரும்பி, "பிள்ளை, அங்கை நிண்டு என்ன பாக்கிறாய்? வந்து சொல்லு, என்ன கதைக்கிறார் எண்டு," என்றார்.

கஜந்தினி போய் வரம்பில் உட்கார்ந்தாள். பெனிற்றோ சொன்னதை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவர் வேலை செய்த கப்பல் தளத்தை இழுத்து மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் ஒரு பெரிய பலசரக்குக் கடை வந்தது. பெனிற்றோ அந்தத் தெருவாலேயே போகமாட்டார். மருஷா மட்டும் அங்கே சாமான் வாங்குவாள். வீட்டுக்கு வந்ததும் பையை ஒளித்துவைப்பாள். ஒருநாள் மழைக்குள் அந்த வழியால் வந்தபோது அவருக்குப் பசி தாங்கவில்லை. உள்ளே போய்ப் பாண் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டார்.

"பாண் எப்பிடி இருந்ததாம்?" என்று பஞ்சலிங்கம் கேட்டார்.

"கேடுகெட்ட பாண்," என்றார் பெனிற்றோ. "முழுவதையும் சாப்பிட்டேன்."

பஞ்சலிங்கம் மறுபடி சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், சேற்றில் கீறிய வீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி மண்வெட்டியைத் தோளில் வைத்தார். "லான்ட்மாஸ்டர் உழவு மிசினுக்கு எண்ணை அடிக்கவேணும். உந்தச் சாமான் எல்லாத்தையும் வானுக்குள்ளை ஏத்திக் கொண்டுபோக ஏலாது."

அப்பாவும் வருகிறார் என்று கஜந்தினி போய்ச் சொன்னபோது குணலட்சுமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "ஓமோ?" என்று மட்டும் சொன்னாள். ஆனால் சுளகு அவளுடைய கையில் நின்றுவிட்டது.

விடியப்புறம் லான்ட்மாஸ்டர் இழுத்த பெட்டியில் சாமானும் சனமும் ஏறி மயிலிட்டிக்குப் போனார்கள். வாசலில் பக்கத்து வீட்டுக் கனகலிங்கம் தன்னுடைய பசுவோடும் கன்றோடும் காத்து நின்றார். பஞ்சலிங்கத்தோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவர் அவர். பஞ்சலிங்கத்தைக் கண்டதும் மாட்டுக் கயிற்றை விட்டுவிட்டார். மாடு தன்பாட்டில் உள்ளே போனது. கன்று வாசல்படியில் நின்று அடம்பிடித்தது. பெனிற்றோ அதன் பின்பக்கத்தில் கையை வைத்துத் தள்ளினார். அப்படித்தான் அந்த வீட்டுக்குள் கன்றும் சம்பந்தியும் ஒன்றாகப் போனார்கள்.

சாமி படத்தோடும் நிறைகுடத்தோடும் குணலட்சுமி வலது காலை எடுத்துவைத்தாள். பஞ்சலிங்கம் குத்துவிளக்கைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தார். புதுப்பானையில் பால் எழும்பிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. "பொங்கிவிட்டது!" என்று எல்லோருக்கும் முன்னால் கத்தியவள் மருஷாதான். ஊதுகுழல் ஒன்றை எங்கிருந்தோ எடுத்து ஊதவும் செய்தாள். ஐயர் திடுக்கிட்டு, பிறகு தலையை ஆட்டி அதையும் ஏற்றுக்கொண்டார்.

வெளிச்சம் வந்ததும் சாமான் இறக்கினார்கள். அங்கேதான் இன்னொரு அதிசயம் நடந்தது. குணலட்சுமி, "அந்த மேசையைப் பிடியுங்கோ," என்று யாருக்கோ சொல்ல, மருஷா நிமிர்ந்து, "மேசா!" என்றாள், மேசையில் தட்டிக்கொண்டு.

"ஓம், மேசை," என்றாள் குணலட்சுமி. பக்கத்தில் கிடந்த நாற்காலியைக் காட்டி, "இது கதிரை," என்றாள்.

"கதெய்ரா!" மருஷாவின் கண்கள் விரிந்தன. வீட்டுக்குள் ஓடிப்போய் ஒரு யன்னலைத் திறந்தாள். "ஷனேலா?"

"யன்னல்!"

"சாவே?" என்று கதவில் தொங்கிய சாவியை ஆட்டினாள்.

"சாவி! பிள்ளை, இவவுக்குத் தமிழ் தெரியும்!"

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க ஓடினார்கள். அலுமாரி சரிவந்தது. சமைக்கிற குசினியும், மருஷாவின் ஊர்ப் பேச்சில் கொசீஞா என்று, சரிவந்தது. உட்காரும் வாங்கு, பாண், சப்பாத்து எல்லாம் சரிவந்தன. அம்மிக்கும் சுளகுக்கும் மருஷாவிடம் சொல் இல்லை. அவற்றைத் தமிழிலேயே கற்றுக்கொண்டாள். இறக்க வந்த சனம் சாமானை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தது.

"அதெல்லாம் போர்த்துக்கேயர் வந்து பிடிச்ச காலத்தில இஞ்சை வந்த சொல்லுகள், அம்மா," என்று கஜந்தினி சொன்னாள். "இவேன்ரை ஊர்ப் பாசை அதுக்குக் கூடப்பிறந்தது மாதிரி."

"பிடிக்க வந்தவை போயிட்டினம்," என்றாள் குணலட்சுமி ஒரு கதிரையை மருஷாவுக்கு இழுத்துப் போட்டபடி. "கதிரை நிக்குது. இருக்கச் சொல்லு."

சிவப்புத் துணியை என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பஞ்சலிங்கம் அதை வாங்கி, தேவையான மையைக் கனகலிங்கத்திடம் கேட்டு எடுத்து, தன் பேருக்கு முன்னால் இருந்த இடைவெளியில் 'குணலட்சுமி' என்று நெருக்கி எழுதினார். பிறகு ஏணி வைத்து ஏறி வாசல் படலைக்கு மேலே தானே கட்டினார். துணி காற்றில் புடைத்தது.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு இளம் சிப்பாய் சைக்கிளில் வந்து படலையடியில் காலை ஊன்றினான். பெனிற்றோவுக்கு மீசை சிலிர்த்தது. எழும்பிப் போய்ப் படலையின் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இது என்ன எழுதி இருக்கு?" என்று சிப்பாய் கொச்சைத் தமிழில் கேட்டான்.

"எங்கடை வீடு எண்டு எழுதியிருக்கு," என்றாள் குணலட்சுமி.

"ஆ. நல்லம்." அவன் மேலே பார்த்தான், பெனிற்றோவைப் பார்த்தான், வாழையிலைகளைப் பார்த்தான். குணலட்சுமி ஒரு காகிதத்தில் வடையும் மோதகமும் சுற்றிக் கொடுத்தாள். அவன் வாங்கிச் சைக்கிள் பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு போனான். அவன் வளைவில் மறையும் வரை பெனிற்றோ அசையவில்லை. பிறகு திரும்பி, மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்து, தன்னுடைய இலையின் முன்னால் உட்கார்ந்தார். கஜந்தினி அவருக்கு இரண்டாம் தரம் பாயாசம் விட்டாள்.

மறுநாள் காலையில் இரண்டு சம்பந்திமாரும் துறைமுகத்துக்கு நடந்துபோய்க் கணவாய் மீன் வாங்கி வந்தார்கள். அதைத் தன் ஊர் முறையில் சமைப்பேன் என்று பெனிற்றோ குசினியைப் பிடித்துக்கொண்டார். எண்ணெய், உப்பு, உருளைக்கிழங்கு, மேலே கொஞ்சம் சிவப்புத் தூள். அந்தச் சிவப்புத் தூள் யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் என்பதை அவர் யோசிக்கவில்லை. முதல் வாயிலேயே அவருக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது. பஞ்சலிங்கம் ருசித்துப் பார்த்து, "உறைப்புக் காணாது," என்றார்.

நொயேலியா கைபேசித் திரையில் வந்தாள். நடந்ததை எல்லாம் கேட்டு, பெரிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சுதாகரன் தகப்பனைக் காட்டச் சொன்னான். கஜந்தினி கைபேசியோடு ஒவ்வொரு அறையாகத் தேடினாள். கடற்பக்கத்து அறையில், யன்னலுக்குக் கீழே, பாய்கூடப் போடாமல் வெறும் சீமெந்துத் தரையில் அவர் நித்திரையாகக் கிடந்தார். காற்று அவருடைய இடுப்புச் சாரத்தின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

குணலட்சுமி உதட்டில் விரலை வைத்து எல்லோரையும் அடக்கினாள். ஆனால் முற்றத்தில் கனகலிங்கத்தின் பேரப்பிள்ளைகள் ஊதுகுழல் ஊதினார்கள். மருஷா அம்மியில் சம்பல் அரைத்துப் பார்க்கிறேன் என்று குழவியைப் போட்டுத் தடதடவென்று உருட்டினாள். திரைக்குள் நொயேலியா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். பஞ்சலிங்கம் ஒருக்கால் புரண்டு படுத்தார், அவ்வளவுதான்.